மனித உரிமைகள் மேற்கத்தியக் கருத்துதானே? ஒவ்வொரு சமூகத்துக்கும் அதன் பண்பாடே போதாதா?

நானும் ஒரு காலத்தில் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். இதில் பாதி சரி என்று இப்போதும் நினைக்கிறேன். 1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியபோது ஐ.நா.வில் இருந்தவை வெறும் 58 நாடுகள். ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி அப்போது காலனி; அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

ஆனால் அதை எழுதியவர்கள் எல்லோரும் மேற்கத்தியர்கள் இல்லை. சீனாவின் பி. சி. சாங், லெபனானின் சார்ல்ஸ் மாலிக் எல்லாம் வரைவில் முக்கியப் பங்கு வகித்தவர்கள். முதல் பிரிவில் 'ஆல் மென்' (ஆங்கிலத்தில் 'மென்' என்றால் ஆண்கள் என்றும் பொருள்) என்றிருந்ததை 'ஆல் ஹியூமன் பீயிங்ஸ்' (எல்லா மனிதர்களும்) என்று மாற்றவைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. பெண்களை விட்டுவிட அந்த ஒரு சொல்லே சாக்காகிவிடும் என்பது அவர் பயம். (தமிழில் 'மனிதர்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம், இந்தச் சண்டையே வந்திருக்காது.) வாக்கெடுப்பில் 48 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. விலகி நின்ற எட்டில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. நிறவெறி ஆட்சி நடந்த நாடு அது, ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

சரி, என் மனதை மாற்றியது இது எதுவும் இல்லை, சாண்ட்ரா லவ்லேஸ் வழக்கு. கனடாவின் மலிசீட் பழங்குடிப் பெண். பழங்குடி அல்லாத ஒருவரை மணந்தார். அதோடு சட்டப்படி அவருடைய பழங்குடித் தகுதி, அதாவது பழங்குடி என்ற அரசு அங்கீகாரம், போய்விட்டது. மணமுறிவுக்குப் பிறகு பிறந்த மண்ணுக்கே திரும்பி வந்தாலும், அங்கே வாழ அவருக்கு உரிமை இல்லை. அதே இனத்து ஆண் வெளியில் பெண் எடுத்தால் அவனுக்கு எதுவும் போகாது, மனைவிக்கும் தகுதி கிடைத்துவிடும்!

அரசு என்ன சொன்னது தெரியுமா? பழங்குடிகளிடம் மரபாகவே தந்தைவழிதான் கணக்கு என்றது. சட்டத்தை எழுதியது நாடாளுமன்றம், பழி மட்டும் மரபின் தலையில். 1981இல் ஐ.நா. மனித உரிமைக் குழு லவ்லேஸ் பக்கம் நின்றது. சிறுபான்மையினர் தம் மக்களோடு சேர்ந்து தம் பண்பாட்டில் வாழும் உரிமை மீறப்பட்டிருக்கிறது என்பதே அதன் முடிவு.

அவர் தன் பண்பாட்டை உதறிவிட்டு உரிமை கேட்கவில்லை. அதற்குள் வாழத்தான் கேட்டார். இதில் பண்பாடு யார் பக்கம், உரிமை யார் பக்கம் என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம். இதைப் படித்த பிறகு, 'எங்கள் பண்பாடு' என்று யாராவது ஆரம்பித்தால், பேசுகிறவர் அதனால் ஆதாயம் அடைகிறவரா, வலி சுமக்கிறவரா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

வல்லரசுகள் தங்களுக்குத் தோதான இடத்தில் மட்டும் மனித உரிமை பேசுகின்றன என்று கோபப்பட்டால், அதில் நானும் உங்களோடுதான். அது பேசுகிறவர்களின் யோக்கியதை பற்றிய கேள்வி. லவ்லேஸ் கேட்டது வேறு.

அப்புறம், அந்தச் சட்டம் 1985இல் திருத்தப்பட்டது. பேரப்பிள்ளைகள் விஷயத்தில் அப்போதும் ஆண்வழிக்கு ஒரு கணக்கு, பெண்வழிக்கு ஒரு கணக்கு மிச்சமிருந்தது. அதற்காக 2010இலும் 2017இலும் மறுபடி திருத்தினார்கள்.