வழிகாட்டியோடு மலையேறி வில்லால் சிவப்பு மான் வேட்டையாட வெளிநாடு போகலாமா? வன்னியில் இருந்து ஒருவர் எப்படித் தயாராகலாம்?

போகலாம். ஆனால் கொம்புக்காகப் போகிறீர்களா, ஒரு மானை நெருங்கும் வேட்டைக்காகப் போகிறீர்களா என்று முதலில் முடிவெடுங்கள். யாரிடம் காசு கட்டுவது என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. நான் நெடுங்கேணிப் பக்கம். நியூசிலாந்தின் தென்தீவில் இருக்கிற மச்சான் வீட்டில் போய் நின்ற காலத்தில் அவரோடு இந்த வேட்டைக்குப் போனேன்.

அங்கே இது இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, வேலி அடைத்த பெரிய தோட்டங்கள். பண்ணையில் தேர்ந்து வளர்த்த இனத்துக் கலைமான்களை, அதாவது ஆண் மான்களை, அதற்குள் விட்டிருப்பார்கள். கொம்பை அளந்து புள்ளி போட்டு, புள்ளிக்கு ஏற்ற விலை கேட்பார்கள். படத்தில் பார்க்கிற பென்னாம்பெரிய கொம்புகள் பெரும்பாலும் அங்கே வளர்ந்தவைதான். மற்றது, வேலியே இல்லாத மலை. அங்கே கொம்பு சிறிதாக இருக்கும், மான் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. வில்லோடு போகிறவர் இரண்டாவதைத்தான் தேட வேண்டும் என்பேன். ஓடிப் போக இடமில்லாத மானிடம் நெருங்கிப் போவதில் என்ன இருக்கிறது?

அங்கே மான் வேட்டைக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நியூசிலாந்துக்கு மனிதர் போவதற்கு முன்னர் அங்கே வௌவாலைத் தவிர வேறு தரைப் பாலூட்டி எதுவும் இருக்கவில்லை. சிவப்பு மானை இங்கிலாந்தில் இருந்து கப்பலில் கொண்டுவந்து 1851இல் நெல்சன் பக்கம் விட்டார்கள். அதைப் பிடித்துத் தின்ன அங்கே புலியும் இல்லை, ஓநாயும் இல்லை. பெருகிப் பெருகி மலைக்காட்டின் இளமரக்கன்றுகளை மேய்ந்து முடிக்க, 1930களில் அரசாங்கமே சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சுட வேண்டி வந்தது. நம்மவர்களுக்கு ஒரு சங்கதி: அப்போது இலங்கை மரையையும் கொண்டுபோனார்கள். 1875இல் வடதீவின் மனவத்து பக்கம் விட்ட மரைகளின் சந்ததி இன்றும் அங்கே மேய்கிறது. மச்சான் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை, பிறகு தேடி வாசித்தேன்.

சரி, வேட்டைக்கு வருவோம். துவக்கென்றால் இருநூறு மீற்றரில் நின்று சுடலாம். வில்லுக்கு முப்பது மீற்றருக்குள் போக வேண்டும், மிஞ்சினால் நாற்பது. அம்பு விடுவது ஒரு கணம். அந்த முப்பது மீற்றருக்குள் மானுக்குத் தெரியாமல் போய்ச் சேருவதுதான் முழு வேட்டையும். கண்ணையும் காதையும் ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது.

இந்த விஷயத்தில் வன்னிக்காரருக்குப் பாதி படிப்பு ஏற்கெனவே இருக்கிறது. என் அம்மப்பா தேன் எடுக்கக் காட்டுக்குப் போகிறவர். கையில் கத்தியும் வாளியும் மட்டும்தான். யானைக்கும் கரடிக்கும் தப்பி நடக்க அவரிடம் இருந்த ஒரே வித்தை காற்றுப் பார்ப்பது. ஒரு பிடி புழுதியை விரலிடுக்கால் விட்டுப் பார்ப்பார். பத்தை அடர்ந்த இடம் வந்தால் நின்று மறுபடியும் விடுவார். எங்கள் காட்டில் சோழகக் காற்று என்றால் சோழகம்தான், நாள் முழுக்க ஒரே பக்கம் இருந்து அடிக்கும். மலையில் அப்படி இல்லை. விடியும்போது குளிர்ந்த காற்று சரிவு வழியே கீழே இறங்கும். வெயில் பட்டுப் பாறை சூடேறியதும் அதே காற்று மேலே ஏறும். பின்னேரம் நிழல் விழ, மறுபடி இறங்கும். ஆகவே விடியற்காலையில் மானுக்குக் கீழே நிற்க வேண்டும், வெயில் ஏறிய பிறகு மேலே இருந்து இறங்கி வர வேண்டும். காற்று மாறுகிற அந்த இடைநேரத்தில் அசையாமல் இருந்துவிடுவது நல்லது. வழிகாட்டி சின்னப் போத்தலில் மாப்பொடி வைத்திருந்தார். அழுத்தினால் புகைபோலக் கிளம்பும். அதைப் பார்த்ததும் அம்மப்பாவின் புழுதிதான் ஞாபகம் வந்தது.

போக வேண்டிய காலம் மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை. அது இணைசேரும் பருவம். கலைமான் கழுத்து வீங்கி, பெட்டைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பள்ளத்தாக்கு அதிரக் கத்தும். வழிகாட்டி ஒரு குழாயை வாயில் வைத்து அதேபோலக் கத்துவார். எதிரி வந்துவிட்டான் என்று அது தேடி வரும்.

எனக்குக் கிடைத்தது அப்படி வந்ததுதான். அதற்கு முன்னர் காற்று திரும்பி, கத்திக்கொண்டே போய்விட்ட மான்கள் பல. இது, காடு முடிந்து புல் தொடங்குகிற விளிம்பில் வந்து நின்றது. தூரம் பார்க்கிற கருவியில் 27 மீற்றர். பார்க்க முன்னமே நாற்றம் வந்துவிட்டது. தன் மூத்திரத்திலேயே சேறு குழைத்து அதில் புரண்டு, வயிற்று மயிர் முழுக்கக் கறுத்துத் திரிதிரியாகத் தொங்கியது. கொம்பு நுனிகளில் புல் சுற்றிக் கிடந்தது. நேரே எங்களைப் பார்த்து நின்றது. நான் வில்லை இழுத்துவிட்டேன், ஆனால் வழிகாட்டி என் முழங்கையைத் தொட்டபடி வேண்டாம் என்றார். முன்பக்கம் நெஞ்செலும்பும் தோள் எலும்பும் மறைக்கும், அம்பு உள்ளே போகாமல் நிற்கலாம். மூச்சு ஆவியாகப் போவதைப் பார்த்துக்கொண்டே இழுத்த வில்லோடு நின்றேன். அது கத்துவதற்குத் தலையைத் திருப்பி ஒரு அடி வைத்தது. முன்னங்கால் முன்னே போக, விலா தெரிந்தது. வழிகாட்டியின் கை விலகியது. விட்டேன்.

உடனே ஓடிப் போகக் கூடாது. அம்பு கொல்வது இரத்தம் போவதால்தான். பின்னால் துரத்தினால் காயத்தோடு மைல்கணக்கில் ஓடிவிடும். அரைமணி நேரம் இருந்தோம். பிறகு புல்லில் இரத்தம் பார்த்தோம். இளஞ்சிவப்பாக, நுரையோடு இருந்தது. அது நுரையீரல் இரத்தம், தூரம் போயிருக்காது என்றார். அப்படியே ஓடைக்குக் கொஞ்சம் மேலே விழுந்து கிடந்தது. கரும்பச்சையாக, புல்லும் சாணியும் கலந்து இருந்திருந்தால் வயிற்றில் பட்டது என்று அர்த்தம். அப்படியானால் பல மணி நேரம் காத்திருந்துதான் தேட வேண்டும். அந்த நிலை வராமல் பார்ப்பதுதான் வில் எடுத்தவரின் முதல் கடமை. அதனால் சொல்கிறேன், குறி உறுதியாகாத நாளில் அம்பை விடாமல் திரும்பி வர உங்களால் முடியாது என்றால், தயவுசெய்து இந்த வேட்டைக்குப் போகாதீர்கள்.

வில்லைப் பற்றிச் சுருக்கமாக. கப்பி பூட்டிய கொம்பவுண்ட் வில், 60 இறாத்தல் இழுவை போதும். முழுக்க இழுத்த பிறகு அதில் ஐந்தில் ஒரு பங்கு பாரம்தான் கையில் இருக்கும், அதனால்தான் காத்து நிற்க முடிகிறது. அம்பு நொடிக்கு எண்பது, தொண்ணூறு மீற்றர் போகும். நாணின் சத்தம் அதைவிட வேகமாகப் போய் மானின் காதில் விழும். மான் துள்ளினால் குறி தப்பும். கிட்டப் போகச் சொல்வது இதற்காகவும்தான். நான் பழகியது அங்கேயே ஒரு வில்வித்தைக் கழகத்தில். அங்கே வில்லுக்குத் துவக்குக்குப் போல அனுமதிப்பத்திரம் வேண்டாம். அரசாங்கக் காட்டில் வேட்டைக்கு மட்டும் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும், அதற்குக் காசில்லை.

இங்கிருந்து செய்யக் கூடியது கால்களைத் தயார் செய்வது. வன்னி தட்டை நிலம், ஏற்றம் கிடையாது. குளக்கட்டில் முதுகில் அரிசிச் சாக்கோடு ஏறி இறங்குங்கள், கீழ்நோக்கி இறங்கும்போதுதான் முழங்கால் போகும். சப்பாத்து, உடுப்புகளில் மண்ணோ விதையோ ஒட்டியிருக்கக் கூடாது. விமான நிலையத்தில் பார்ப்பார்கள். அம்மா கட்டித் தந்த கருவாடு, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் படிவத்தில் காட்டுங்கள். மறைத்தால் 400 டொலர் தண்டம்.

இறைச்சியைத் தொடைகளாகவும் முதுகுத் தசையாகவும் பிரித்து முதுகில் சுமந்துதான் இறக்கினோம். அந்தப் பருவத்துக் கலைமான் இறைச்சியில் வாடை இருக்கும். மச்சாளின் பிரட்டலில் மிளகும் இஞ்சியும் கூடுதலாகவே விழுந்தன.

அங்கே சட்டப்படி செய்வதை இங்கே செய்து பழகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மரையும் மானும் தொடக்கூடாதவை. அதற்கு மேலே, அவை இந்த மண்ணுக்கே உரியவை, அங்கே போலக் கொண்டுவந்து விட்டவை அல்ல. கம்பிச் சுருக்கும், தீனிக்குள் மறைத்து வைக்கிற பன்றிவெடியும் எங்கள் காட்டுக்குச் செய்கிற அநியாயம் போதும். வாய் கிழிந்து, தின்ன முடியாமல் நாட்கணக்கில் நின்று சாகிற யானைக்குட்டியைப் பார்த்தவருக்கு விளங்கும்.

வழிகாட்டியை ஒழுங்கு செய்யும்போது மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்: வேலி உண்டா, வில்லோடு வந்தவர்களை முன்னர் கூட்டிப் போயிருக்கிறாரா, காயப்பட்ட மான் கிடைக்காவிட்டால் என்ன செய்வார். கடைசிக் கேள்விக்கு, "தேடுவோம், கிடைக்காவிட்டாலும் அதோடு உங்கள் வேட்டை முடிந்தது, காசும் கட்ட வேண்டும்" என்று பதில் வந்தால் அவரோடு போங்கள்.