சிரிப்பார்கள் என்று சொல்லாமல் விட்டேன்

கேள்வி: தண்டவாளப் பராமரிப்பில் பயிற்சியாளராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. சேர்ந்த புதிதில், உச்சி வெயிலில், ஒரு வளைவில் தண்டவாளம் லேசாக நெளிந்திருப்பதுபோல் பட்டது. கத்திக் கூப்பிட்டேன். மேஸ்திரி வந்து குனிந்து பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்றார். கேங்கில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வாரம் அதையே சொல்லிக் கேலி செய்தார்கள். போன மாதம் இரண்டு தண்டவாளங்கள் சேரும் ஓர் இணைப்புக்குப் பக்கத்தில், தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான ஸ்லீப்பரைச் சுற்றி ஜல்லி வெளுத்துக் கிடந்தது. மறுபடியும் சிரிப்பார்கள் என்று பேசாமல் வந்துவிட்டேன். மறுநாள், பாதையை நடந்து சோதிக்கும் கீமேன் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வைத்தார். விபத்து எதுவும் இல்லை. ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையா? விட்டுவிடட்டுமா?

பதில்: தம்பி, வேலையை விடாதீர்கள். நானும் பல வருடம் கடப்பாரை பிடித்தவன்தான். நான்கே மாதத்தில் வெளுத்த ஜல்லியைத் தனியாகப் பிரித்துப் பார்க்கிற கண் உங்களுக்கு வந்துவிட்டது. எனக்கு அது வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அந்த வெளுப்பு என்ன என்று யாராவது உங்களை உட்காரவைத்துச் சொன்னார்களா? ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி இறுகாமல் இடைவெளி விழுந்திருக்கும். ஒவ்வொரு சக்கரம் ஏறும்போதும் ஸ்லீப்பர் கீழே போய் மேலே வரும். கல்லோடு கல் உரசி மாவாகும். அதுதான் மேலே வெள்ளையாகப் படிகிறது. மழை பெய்தால் அதே மாவு சேறாகிப் பீச்சியடிக்கும். சேறு அடைத்தால் தண்ணீர் வடியாது, பள்ளம் இன்னும் இறங்கும், பக்கத்து ஸ்லீப்பர் மேல் கூடுதல் பாரம் விழும். இணைப்பு என்றால் போல்ட் தளரும், இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டையான ஃபிஷ்பிளேட்டில் விரிசல்கூட வரலாம். பெரும்பாலும் ஒரே நாளில் ரயில் தடம் புரண்டுவிடாது. ஏதோ கொலை செய்யப் பார்த்தவர்போலப் புழுங்க வேண்டாம். ஆனால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அதில் நான் உங்களுக்குச் சமாதானம் சொல்லமாட்டேன்.

எனக்குக் கோபமெல்லாம் அந்த முதல் நாள் சிரிப்பின் மேல்தான். வெயில் நேரத்து நெளிவு சிரிக்கிற விஷயமா? நீளமாக வெல்டு செய்த தண்டவாளத்தைப் பிடிப்பில்லாமல் விட்டால், 30 டிகிரி சூடு ஏறும்போது 1 கிலோமீட்டருக்குச் சுமார் 35 சென்டிமீட்டர் நீளும். கிளிப்பும் ஸ்லீப்பரும் ஜல்லியும் பிடித்துவைத்திருப்பதால் நீள முடியாமல், அந்த விசை முழுக்க இரும்புக்குள்ளேயே நிற்கிறது. ஓரத்து ஜல்லி குறைந்திருந்தாலோ, சமீபத்தில் ஜல்லியைக் கிளறி வேலை செய்திருந்தாலோ, பாதை சட்டென்று பக்கவாட்டில் பிதுங்கிவிடும். வளைவில் அந்த ஆபத்து இன்னும் அதிகம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற ரயில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் தாண்டும். டிரைவர் கண்ணில் பட்டபிறகு நிறுத்த இடம் இருக்காது. நீங்கள் கூப்பிட்டது சரி. பத்து தடவை கூப்பிட்டுப் பத்தும் ஒன்றுமில்லாமல் போனாலும் பதினோராவது தடவையும் கூப்பிடுங்கள்.

நான் பழகிய காலத்தில் ஒரு மேஸ்திரி இருந்தார். என் கூப்பாடு வீணாகப் போனால் என்னையும் பக்கத்தில் குனியவைப்பார். தண்டவாளத் தலையின் உள்விளிம்பில் கண்ணை நீளத்துக்கு ஓட்டச் சொல்வார். "இப்போ சொல்லு, எங்கே நெளிஞ்சிருக்கு?" கானலில் ஆடுவது எது, உண்மையில் விலகியிருப்பது எது என்பதை அப்படித்தான் கற்றேன். உங்கள் மேஸ்திரி "ஒன்றுமில்லை" என்று சொன்னதோடு நிறுத்திவிட்டார். எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் சட்டைப்பையில் இருக்கட்டும். கிலோமீட்டர் கல், அங்கிருந்து எத்தனையாவது ஸ்லீப்பர், இடமா வலமா, என்ன பார்த்தீர்கள், பெரியவர்கள் என்ன முடிவு சொன்னார்கள். இவ்வளவு போதும். இடத்தோடு சொல்கிற பேச்சைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். தண்டவாளம் உடைந்தோ பிதுங்கியோ இருப்பதைப் பார்த்தால் மட்டும் நோட்டு, பேச்சு எதற்கும் நிற்காதீர்கள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி ரயிலை நிறுத்துகிற வேலைதான் முதலில்.

அப்புறம், மேஸ்திரியைத் தனியாகப் பாருங்கள். "அந்த வெளுப்பை நான் முந்தின நாளே பார்த்தேன் ஐயா, கேலிக்குப் பயந்து சொல்லவில்லை" என்று சொல்லிவிடுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். தன் கேங்கில் ஒருவன் பயந்து வாயை மூடிக்கொண்டான் என்பது அவருக்கும் தெரிந்தாக வேண்டும். அவரும் கேலியாகவே எடுத்துக்கொண்டால், அவருக்கு மேலே இருக்கும் மேற்பார்வையாளரிடம் போகத் தயங்காதீர்கள்.

அந்தக் கீமேனையும் விடாதீர்கள். ஒரு நாள் அவர் நடைக்கு உங்களையும் கூட்டிப்போகச் சொல்லிக் கேளுங்கள். ரயில் வராத நேரம் பார்த்து அவர் ஸ்லீப்பரைத் தட்டிக்காட்டுவார். இறுகிய ஸ்லீப்பர் ஒரு மாதிரி ஒலிக்கும், அடியில் இடைவெளி விழுந்தது பொத்தென்று ஒலிக்கும். இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டச் சொல்லிக் கேளுங்கள்.