முதலில் தண்ணீர், பிறகு நெருப்பு: சிறிய நீராவி ரயில் இஞ்சின்கள் பற்றிய கேள்வி பதில்

நெருப்பு மூட்டித் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியின் பலத்திலேயே ஓடும் முழ நீள ரயில் இஞ்சின்களைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வட இங்கிலாந்தில் என் வீட்டுத் தோட்டத்தில் 45 மி.மீ. பாதை போட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இவற்றை ஓட்டியும் பழுதுபார்த்தும் வருகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து: ஐயா, எங்கள் பட்டறையில் லேத், மில்லிங் இரண்டும் இருக்கின்றன. முதல் இஞ்சினையே கொதிகலனிலிருந்து தொடங்கி நானே கட்டலாமா? எந்த அளவு நல்லது?

லேத் இருப்பது பெரிய பாக்கியம். ஆனாலும் முதலில் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள், கட்டுவது அதற்குப் பிறகு. நல்ல நிலையில் உள்ள பழைய இஞ்சின் ஒன்றை வாங்கி ஒரு வருடம் ஓட்டுங்கள். தண்ணீர் தீர்வதற்குமுன் அதன் சத்தம் எப்படி மாறுகிறது, எண்ணெய் போதாதபோது பிஸ்டன் எப்படி முனகுகிறது என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது.

அளவு என்பது இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையிலான தூரம். தோட்டத்துக்கு 32 மி.மீ. அல்லது 45 மி.மீ. போதும். 89 மி.மீ., 127 மி.மீ. என்று போனால் பின்னால் வண்டி கோத்து ஆளே உட்கார்ந்து போகலாம். ஆனால் 127 மி.மீ. இஞ்சினைத் தூக்கி வைக்க இரண்டு பேராவது வேண்டும். உங்கள் முதல் கட்டுமானத்துக்கு 45 மி.மீ., நான்கு சக்கரம், ஆடும் சிலிண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடும் சிலிண்டரில் தனி வால்வு கிடையாது. சிலிண்டரே ஊஞ்சல்போல் ஆடி, தன் துளையை ஒருமுறை நீராவி வரும் துளைக்கு நேராகவும் மறுமுறை வெளியேறும் துளைக்கு நேராகவும் கொண்டுபோகிறது. துளை போடும் இடம் துல்லியமாக இருந்தால் அது ஓடியே தீரும்.

சட்டகம், சக்கரம், சிலிண்டர் வரை முடித்து, காற்றழுத்தத்தில் ஓட்டிப் பாருங்கள். சைக்கிள் பம்பின் காற்றே சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். சுழலாவிட்டால், பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் இடப்பக்க, வலப்பக்கக் கிராங்குகளின் கோணத்தைப் பாருங்கள். ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளி இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், எல்லா அச்சுகளிலும் அது ஒரே கோணமாக இருப்பது. ஓர் அச்சில் சற்று பிசகினாலும் இணைப்புத் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் இறுகி நிற்கும். கொதிகலனை முதல் முறை அனுபவசாலி ஒருவரிடம் செய்து வாங்குங்கள்.

கும்பகோணத்திலிருந்து: எங்கள் குடும்பத் தொழில் நகை வேலை. பற்றுப்பொடி வைத்து, ஊதுகுழலால் ஊதிப் பற்றவைப்பது கைவந்த கலை. அதே முறையில் செப்புக் கொதிகலனைப் பற்றவைக்கலாமா?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பற்றவைப்பின் அடிப்படை உங்களுக்குத் தெரியும்: இடைவெளி சிறிதாக, உலோகம் சுத்தமாக இருந்தால், உருகிய பொடி தானே இழுத்துக்கொண்டு ஓடும். மூன்று விஷயங்கள் மட்டும் மாறும்.

ஒன்று, வெப்பம். செம்பு வெப்பத்தை உடனே கடத்திவிடும். ஓரிடத்தில் ஊதுகுழலால் சுட்டால் பொடி அங்கே உருகி, பக்கத்தில் பற்றாமல் நிற்கும். சுற்றிலும் சூடு தாங்கும் செங்கல் அடுக்கி, பெரிய புரொப்பேன் சுடரால் கொதிகலன் முழுவதையும் சேர்த்து மங்கிய சிவப்புக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு, வெண்காரம். நகைக்கு அது சரி. ஆனால் 55 சதவீதம் வெள்ளி கலந்த பற்றுக்கம்பி 630 முதல் 660 டிகிரி வரையில் உருகிவிடுகிறது. வெண்காரம் அந்தச் சூட்டில் இன்னும் சரியாக உருகியிருக்காது. வெண்காரத்துக்குப் பதிலாக, அந்தக் கம்பிக்கென்று விற்கும் ஃப்ளக்ஸையே (உலோகத்தைச் சுத்தமாக வைத்துப் பற்று ஓட உதவும் பொருள்) வாங்குங்கள். மூன்று, பழைய பற்றுக்கம்பிகளில் காட்மியம் இருக்கும். அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். காட்மியம் இல்லாதது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் தொடுங்கள்.

ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் பாஸ்பரஸ் கலந்த செப்புக்கம்பி மலிவு. நிலக்கரி எரிக்கும் கொதிகலனுக்கு அது ஆகாது. கரிப்புகையில் உள்ள கந்தகம் அந்த இணைப்பை அரிக்கும். சாதாரண ஈயப்பற்றையும் நெருப்பு படும் இடத்துக்குக் கொண்டுவராதீர்கள். சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தத்தில் நீராவி சுமார் 141 டிகிரி சூடு. ஈயப்பற்றில் சில வகை 183 டிகிரியிலேயே உருகும். தண்ணீர் இருக்கும்வரை அது தாங்கும். நான் முதலில் வாங்கிய பழைய பொம்மை இஞ்சின் அப்படிப்பட்டது. தண்ணீர் தீர்ந்ததை நான் கவனிக்கவில்லை. பின்பக்கத் தகடு என் கண்முன்னே இளகிச் சாய்ந்தது.

இன்னொன்று. அழுத்தத்தில் உருண்டையான குழாய் உடம்பு எளிதில் விட்டுக்கொடுக்காது. இரு முனைகளிலும் உள்ள தட்டையான தகடுகள்தான் பிதுங்கப் பார்க்கும். அவற்றை இழுத்துப் பிடிக்க உள்ளே நீளவாட்டில் இழுகம்பிகள் வேண்டும். செய்து முடித்ததும் பாதுகாப்பு வால்வைக் கழற்றி அந்த இடத்தை அடைத்து, உள்ளே காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் ஓடும் அழுத்தத்தைப்போல் இரு மடங்கு ஏற்றுங்கள். 40 பவுண்டில் ஓடுவது என்றால் 80 பவுண்டு. அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இந்தச் சோதனையைக் காற்றால் ஒருபோதும் செய்யாதீர்கள். அழுத்திய காற்று வில்போல் சக்தியைச் சேர்த்து வைத்திருக்கும். தண்ணீர் அப்படிச் சுருங்காததால், இணைப்பு விட்டாலும் ஒரு சொட்டு கசிந்து அழுத்தம் விழுந்துவிடும்.

டொரொன்டோவிலிருந்து: அண்ணா, கோடையில் நன்றாக ஓடிய, கேஸ் எரிக்கும் என் நீராவி இஞ்சின் அக்டோபரில் தீ வலுவில்லாமல் அணைந்துபோகிறது. கேஸ் வரும் நுண்துளை அடைத்துவிட்டதா?

துளை அடைத்திருந்தால் கோடையிலும் அடைத்திருக்கும். குளிர்தான் காரணம். பியூட்டேன் சுமார் மைனஸ் அரை டிகிரியில்தான் கொதிக்கும். உங்கள் ஊர் குளிரில் அது தொட்டிக்குள் திரவமாகவே உட்கார்ந்திருக்கும். போதாததற்கு, ஆவியாக ஆவியாகத் தொட்டி தன்னைத்தானே இன்னும் குளிர்வித்துக்கொள்ளும். 70 பங்கு பியூட்டேன், 30 பங்கு புரொப்பேன் கலந்த டப்பாவை வாங்குங்கள். உங்கள் இஞ்சினைச் செய்தவர்கள் அதை அனுமதித்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேஸ் தொட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வைக்கும் ஏற்பாடும் உண்டு.

சென்னை நண்பர்களுக்கு இதே விஷயம் தலைகீழ். 20 டிகிரியில் இருக்கும் தொட்டி அழுத்தம் 35 டிகிரியில் ஏறக்குறைய இரு மடங்காகும். மே மாதத்தில் கேஸ் வால்வை மயிரிழை திறந்தால் போதும். துளை உண்மையிலேயே அடைத்தால் ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். அசிட்டோனில் ஊறவைத்துப் பின்பக்கமாக ஊதுங்கள்.

சென்னையிலிருந்து: எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. பேட்டரித் தண்ணீர் ஊற்றலாமா?

உப்பு நீர் வேண்டவே வேண்டாம். உள்ளே காரை படிந்தால் வெப்பம் தண்ணீருக்குப் போகாது, வால்வுகளும் சரியாக உட்காராது. பேட்டரித் தண்ணீர் பெரும்பாலும் அயனி நீக்கிய நீர். அது பித்தளையிலிருந்து துத்தநாகத்தைக் கரைத்து இழுக்கும் என்று பலர் எச்சரிக்கிறார்கள். வெண்கலத்தில் வெள்ளீயம்தான் கலப்பு என்பதால் கொதிகலனில் திருகு பொருத்தும் இடங்களை வெண்கலத்தில் செய்வது வழக்கம். ஆனால் மலிவான இஞ்சின்களில் பித்தளையும் இருக்கும். உங்கள் ஊரில் இதற்கு அருமையான வழி இருக்கிறது: மழைநீர். முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்து விழுவதை மொட்டைமாடியில் சுத்தமான பாத்திரத்தில் பிடித்துத் துணியில் வடிகட்டி வையுங்கள். ஒரு வாளி பல மாதங்களுக்கு வரும். ஏற்கெனவே காரை படிந்திருந்தால் சமையல் வினிகரை ஊற்றி ஊறவைத்துப் பலமுறை கழுவுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: நீராவி எண்ணெய் இங்கே கிடைப்பதில்லை. தேங்காய் எண்ணெயோ மோட்டார் சைக்கிள் எண்ணெயோ விடலாமா?

இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் அந்தச் சூட்டில் கெட்டுப் பிசினாகும். மோட்டார் எண்ணெய் ஈர நீராவியில் கழுவப்பட்டுப் போய்விடும். கியர் எண்ணெய் தடிமனாக இருக்கிறதே என்று சிலர் விடுகிறார்கள். அதில் உள்ள கந்தகச் சேர்மங்கள் சூட்டில் வெண்கலத்தைத் தாக்கும். ஐ.எஸ்.ஓ. 460 தடிமன் உள்ள நீராவி சிலிண்டர் எண்ணெய்தான் வேண்டும். அதில் சிறிது விலங்குக் கொழுப்பைச் சேர்ப்பது பழைய வழக்கம். ஈரமான உலோகத்தில் ஒட்டி நிற்பதற்காக. ஒரு சிறிய புட்டியை வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வரவழையுங்கள், நெடுநாள் வரும்.

அந்த எண்ணெய் சிலிண்டருக்கு எப்படிப் போகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பைத் தரும் விஷயம். நீராவிக் குழாயோடு ஒரு சிறிய எண்ணெய்க் கிண்ணம் நுண்ணிய துளையால் இணைந்திருக்கும். உள்ளே நுழையும் நீராவி குளிர்ந்து நீராகிறது. நீர் கனம் என்பதால் அடியில் தங்குகிறது. மேலே உள்ள எண்ணெய் துளி துளியாகக் குழாய்க்குள் தள்ளப்படுகிறது. பம்பு இல்லை, திருகு இல்லை. ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் கிண்ணத்தில் தேங்கிய நீரை எடுத்துவிட்டு எண்ணெய் நிரப்ப வேண்டும்.

குன்னூரிலிருந்து: எங்கள் மலை ரயிலின் எக்ஸ் வகை இஞ்சினை நீராவியில் ஓடும் மாதிரியாகக் கட்ட ஆசை. முடியுமா?

கணக்கு அழகாகப் பொருந்துகிறது. நீலகிரிப் பாதை ஒரு மீட்டர் அகலம், 45 மி.மீ. பாதையில் அதைக் கொண்டுவந்தால் சுமார் 22-இல் ஒரு பங்கு அளவு. டார்ஜிலிங்கின் இரண்டு அடிப் பாதைக்கு 32 மி.மீ. பாதையில் 19-இல் ஒரு பங்கு பொருந்துவதைப்போல.

சிக்கல் இஞ்சினின் அமைப்பில் இருக்கிறது. எக்ஸ் வகைக்கு நான்கு சிலிண்டர்கள். கீழே உள்ள இரண்டு உயர் அழுத்த சிலிண்டர்கள் சக்கரங்களை ஓட்டுகின்றன. மேலே உள்ள இரண்டு தாழ்வழுத்த சிலிண்டர்கள், முதல் இரண்டிலிருந்து வெளிவந்த நீராவியை வாங்கி, பல் தண்டவாளத்தில் ஏறும் பல்சக்கரங்களை ஓட்டுகின்றன. 12.5 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவு அப்படித்தான் சாத்தியமாகிறது. இதை அந்தச் சிறிய அளவில் முழுமையாகச் செய்தால் தாழ்வழுத்த சிலிண்டருக்குப் போவதற்குள் நீராவி நீராகிவிடும். அளவு பாதியானால் கொள்ளளவு எட்டில் ஒன்றாகிறது, வெளிப்பரப்போ நான்கில் ஒன்றாகத்தான் குறைகிறது. அதனால் சிறிய சிலிண்டர் எப்போதும் குளிரும் சிலிண்டர்.

நான் செய்வதாக இருந்தால், கீழ் சிலிண்டர்கள் இரண்டை மட்டும் வேலை செய்ய வைப்பேன். மேல் இரண்டும் தோற்றத்துக்கு. கேஸ் எரிப்பு, பாதையின் சரிவு 50-க்கு 1 தாண்டாமல். பொன்மலைப் பணிமனையில் இந்த நூற்றாண்டிலும் இவ்வகை இஞ்சின்களைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அதன் மாதிரியை அந்த ஊர்க்காரர் ஒருவர் நீராவியிலேயே ஓட்டினால் அதைப் பார்க்கக் குன்னூருக்கே வருவேன். ஆனால் இது உங்கள் மூன்றாவது இஞ்சினாக இருக்கட்டும்.

லண்டனிலிருந்து: என் மகளுக்குப் பத்து வயது. இதில் மிகுந்த ஆர்வம். ஆபத்தில்லையா?

நீங்கள் பக்கத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம், அம்மா. தலைமுடியைக் கட்டச் சொல்லுங்கள், கையுறை கொடுங்கள். ஸ்பிரிட் எரிக்கும் இஞ்சினைத் தவிருங்கள். அதன் சுடர் வெயிலில் கண்ணுக்கே தெரியாது. பாதுகாப்பு வால்வு ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒருமுறையாவது சீறித் திறக்கிறதா என்று அவளையே கவனிக்கச் சொல்லுங்கள். அதன் ஸ்பிரிங்கை யாரும் இறுக்கக் கூடாது. கேஸ் நிரப்பும் போதெல்லாம் தண்ணீரும் நிரப்ப வேண்டும் என்பதை முதல் நாளே பழக்குங்கள். தண்ணீர் தீர்வதற்கு முன்பே கேஸ் தீரும்படிதான் தொட்டியின் அளவை வைப்பார்கள். தண்ணீர் ஊற்றாமல் கேஸை மட்டும் நிரப்பினால் அந்தக் காவல் போய்விடும்.

லெஸ்டரிலிருந்து: 45 மி.மீ. இஞ்சினில் நிலக்கரியே எரிக்க முடியுமா?

முடியும். 1924-இல் பிரிட்டனில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதியவர், இரண்டரை அங்குலப் பாதை இஞ்சினில் நிலக்கரி எரித்து ஆளையே இழுத்துக் காட்டினார். உங்கள் அளவில் அடுப்பு தீப்பெட்டிக்குச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். உடைத்த பட்டாணி அளவு கரியைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேஸில் கை பழகிய பிறகு வாருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: ஓட்டி முடித்து ஆறவைத்து எடுத்து வைக்கிறேன். அடுத்த முறை புகைபோக்கியிலிருந்து தண்ணீராகக் கக்குகிறது. ஏன்?

கொதிகலனுக்குள் எண்ணெய் போயிருக்கிறது. ஆறும்போது உள்ளே இருக்கும் நீராவி நீராகிச் சுருங்கி வெற்றிடமாகிறது. அந்த வெற்றிடம், திறந்திருக்கும் ரெகுலேட்டர் (சிலிண்டருக்குப் போகும் நீராவியைத் திறந்து மூடும் வால்வு) வழியாக எண்ணெய்க் கிண்ணத்திலிருந்து எண்ணெயை உள்ளே இழுத்துவிடும். எண்ணெய் கலந்த நீர் நுரைத்துப் பொங்கி நீராவியோடு சேர்ந்து வெளியே வருகிறது. சில துளி பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து உள்ளே குலுக்கி, நுரை வருவது நிற்கும் வரைக்கும் அலசுங்கள். இனிமேல் ஓட்டி முடித்ததும் ரெகுலேட்டரை மூடுங்கள். அழுத்தம் முழுவதும் இறங்கியது என்று உறுதியானதும், கொதிகலன் ஆறுவதற்குமுன், துணி பிடித்து நீர் ஊற்றும் மூடியைத் திறந்து விடுங்கள். காற்று உள்ளே போகும் சிறு சத்தம் கேட்கும்.