கனடா ப்ரேரி (புல்வெளிச் சமவெளி) மாகாணங்கள்ல சராசரி விளைச்சல் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் விவசாயிங்க மழை சரியில்லனு புலம்பறாங்க?

அந்த மாகாணங்கள்ல ஒண்ணான சஸ்காட்சுவான்ல ஒரு தானிய எலிவேட்டர்ல (விவசாயிங்க கொண்டு வர்ற தானியத்த வாங்கி சேத்து வைக்கற கிடங்கு) வேலை பாக்குறேன். அறுவடை சீசன்ல லாரி லாரியா வர்ற கோதுமை, கனோலா (எண்ணெய் வித்து), மசூர் பருப்பு எல்லாத்தையும் எடை போட்டு, சாம்பிள் எடுத்து, கிரேடு பாக்கறதுதான் பொழப்பு. சராசரின்னு பேப்பர்ல வர்ற நம்பருக்கும் அந்த லாரிங்கள்ல வர்றதுக்கும் பல வருஷம் சம்பந்தமே இருக்காதுங்க.

இங்க ரெஜைனா, சாஸ்கட்டூன் பக்கமெல்லாம் வருஷத்துக்கு 350லேருந்து 400 மில்லிமீட்டர்தான் மொத்தமே, அதுலயும் ஒரு பங்கு பனியா விழுந்துடும். மே மாசம் விதைச்சா ஆகஸ்ட், செப்டம்பருக்குள்ள அறுத்தாகணும், இல்லன்னா உறைபனி வந்து கெடுத்துரும். ஸோ ஜூன்லயும் ஜூலை ஆரம்பத்துலயும் என்ன விழுதோ அதுதான் விளைச்சல். கோதுமைக்கு இங்க ஒரு தோராய கணக்கு சொல்வாங்க, மண்ணுல இருக்கற ஈரத்தையும் சேத்து மொத 4, 5 இன்ச் தண்ணி செடி வளரவே சரியாப் போயிரும், அதுக்கு மேல கிடைக்கற ஒவ்வொரு இன்ச்சுக்கும் ஏக்கருக்கு 5, 6 புஷல் (கோதுமைல ஒரு புஷல் சுமார் 27 கிலோ) வரும்னு. அப்ப ஜூன்ல ஒரு நல்ல இடிமழை நம்ம நிலத்துல பெய்யுதா தள்ளிப் போய் பெய்யுதாங்கறது மட்டுமே ஏக்கருக்கு 10 புஷல் வித்தியாசம், ஆயிரக்கணக்கான ஏக்கர் வச்சிருக்கறவனுக்கு அது எவ்ளோ காசுன்னு பாத்துக்கோங்க.

தள்ளிப் போய்தான் பெய்யும், அதுதான் பிரச்சனையே. கோடை மழை முக்காவாசி இடிமேகத்துலேருந்து வர்றது, பட்டை பட்டையா பெஞ்சிட்டு போயிரும். நிலமெல்லாம் ஒரு மைல் சதுரமா செக்‌ஷன் செக்‌ஷனா பிரிச்சிருக்கும், 640 ஏக்கர் ஒண்ணு, ரோட்டுக்கு இந்தப் பக்க செக்‌ஷன்ல 2 இன்ச் பெஞ்சிருக்கும், அந்தப் பக்கம் புழுதி கூட அடங்கியிருக்காது. ஒவ்வொருத்தரும் வீட்டு வாசல்ல மழைமானி வச்சிருப்பாங்க, மறுநாள் காலைல காபி குடிக்க கூடினா மொத கேள்வியே உனக்கு எவ்ளோங்கறதுதான். (அஃபீஷியலா மில்லிமீட்டர் வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, பெருசுங்க இன்னும் இன்ச்சுல பத்துல நாலு, பத்துல ஆறுன்னுதான் சொல்லுதுங்க.) இன்ஷூரன்ஸ்லயும் பெரும்பாலும் ஒரு பயிருக்கு அந்தப் பண்ணையோட எல்லா வயலையும் சேத்துதான் கணக்கு பண்ணுவாங்க, அதனால 160 ஏக்கர் சுத்தமா காஞ்சு போனாலும் இன்னொரு பக்கம் நல்லா வந்திருந்தா அது இத மூடிடும், பைசா வராது.

ஒரே வயலுக்குள்ளயும் இதே கதைதான். பனிப்பாறை உருகி விட்டுட்டுப் போன மேடு பள்ளம் இது. மழை ஜாஸ்தியான வருஷம் பள்ளத்துல தண்ணி தேங்கி பயிர் மூழ்கிரும், காஞ்ச வருஷம் அதே பள்ளம்தான் ஏதாச்சும் கொடுக்கும், மேடு வெறும் குச்சியா நிக்கும். ரெஜைனா பக்கத்து களிமண்ணா இருந்தா தண்ணிய புடிச்சு வச்சுக்கும், மணல் பாங்கான இடத்துல அதுல பாதிதான் நிக்கும், பத்து நாள் வெயில் தாங்காது.

2021 எடுத்துக்கோங்க. மண்ணுல முன்னாடியே ஈரம் இல்ல, ஜூன் கடைசில அந்த வெப்ப அலை வேற, கனோலா பூ பூக்கற நேரம் பாத்து வந்துச்சு, பூவெல்லாம் கருகி உதிர்ந்துருச்சு. கனடா மொத்த கோதுமை 2020ல சுமார் 35 மில்லியன் டன், 2021ல 22 சொச்சம். கனோலா 19லேருந்து 14 கிட்ட வந்துருச்சு. அப்புறம் ஆகஸ்ட் கடைசில மழை பெய்யுது! வேணும்னு கேட்டப்ப வராம இப்ப வந்து என்ன பண்ண, காஞ்ச கனோலா செடி திரும்ப துளிர்த்து பூக்க ஆரம்பிச்சுருச்சு, பழுத்த காயும் பச்சைக் காயும் ஒரே செடில. எலிவேட்டர்ல நாங்க 500 கனோலா விதைய டேப்ல ஒட்டி உருளையால நசுக்கி, முத்தாம உள்ள பச்சையா இருக்கறத எண்ணுவோம், 2 சதவீதம் தாண்டிச்சுன்னா நம்பர் 1 கிரேடு கிடையாது. மழைக் கணக்குல பாத்தா அந்த மழையும் பிளஸ்ஸாத்தான் ஏறும்.

அதிக மழையும் அப்படித்தான். 2010ல வயல்ல இறங்கவே முடியாம பல மில்லியன் ஏக்கர் விதைக்காமலே கிடந்துச்சு. 2016ல டூரம் கோதுமை (பாஸ்தாவுக்குப் போற வகை) பூக்கற நேரத்துல விடாம நனைஞ்சு ஃபியூசேரியம் பூஞ்சை புடிச்சது, விளைச்சல் என்னமோ வந்துச்சு, ஆனா தானியத்துல நச்சு இருக்கறதால விலை அடிமட்டம். மசூர் பருப்பு இன்னும் மோசம், கால் நனைஞ்சாலே ஆகாது அதுக்கு, கடைசில கொஞ்சம் காஞ்சாதான் பூக்கறத நிறுத்தி காய் முத்தும். ஈரமான வருஷங்கள்ல அஃபனோமைசிஸ்னு ஒரு வேர் அழுகல் வந்து மண்ணுலயே தங்கிருச்சு, அந்த வயல்ல 6, 8 வருஷத்துக்கு பருப்பு போடாதீங்கன்னு சொல்றாங்க. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போற மசூர் பருப்புல (மைசூர் பருப்புன்னும் சொல்வாங்க) கணிசமான பங்கு இங்கேருந்துதான், ஸோ இங்க ஜூன்ல நடக்கறது உங்க மளிகைக் கடை வரைக்கும் வரும்.

இது ஒண்ணும் புதுசு இல்ல. 1857லேருந்து 1860 வரைக்கும் இந்தப் பக்கம் சுத்திப் பாத்த ஜான் பாலிசர் தெக்குப் பகுதி ஒரு முக்கோணம் விவசாயத்துக்கு ஆகாதுன்னு எழுதினார், அப்புறம் ஈரமான வருஷங்கள்ல வந்த தாவரவியலாளர் ஜான் மக்கூன் அருமையான பூமின்னார், ஜனம் வந்து குடியேறிச்சு, 1930கள்ல புழுதிப் புயல்ல விட்டுட்டு ஓடிச்சு. ரெண்டு பேரும் பாத்தது நிஜம்தான், பாத்த வருஷம் வேற.

பாசனம் பண்ணலாமேன்னு கேப்பீங்க. கார்டினர் அணை 1967ல கட்டி டீஃபன்பேக்கர் ஏரின்னு பெருசா இருக்கு, ஆனா சஸ்காட்சுவான்ல பாசனம் இருக்கற நிலம் மொத்தத்துல ரொம்பச் சின்ன பங்கு, மத்ததெல்லாம் வானம் பாத்த பூமி. என்னைக் கேட்டா நிஜமா கை கொடுத்தது உழாம விதைக்கறதுதான், அறுத்த தாளு நின்னபடியே இருந்தா குளிர்காலப் பனிய புடிச்சு வச்சுக்கும், ஈரமும் அவ்வளவா ஆவியாகாது. 2021 மாதிரி வருஷம் பழைய உழவு முறைல வந்திருந்தா பாதி கூட தேறியிருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது.

டேட்டாவா பாக்கணும்னா மாகாண சராசரிய விட்டுடுங்க. சஸ்காட்சுவான் அரசே ஒவ்வொரு ஊரக முனிசிபாலிட்டி வாரியா விளைச்சல 1938லேருந்து வெளியிடுது, பக்கத்து பக்கத்து முனிசிபாலிட்டி ரெண்டு எடுத்து, அந்தந்த வருஷ ஜூன் மழையோட வச்சுப் பாருங்க. ஒண்ணுல 40 புஷலும் அடுத்ததுல 22ம் வந்தா ஆச்சரியப்படாதீங்க.