பாலையாவின் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன், வயது 26. ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா எங்களோடுதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு உட்கார்ந்து பழைய படங்கள் பார்க்க ஆசை. ரொம்பப் பழசிலிருந்து வரிசையாக வருவோமே என்று முதலில் ‘ஹரிதாஸ்’ போட்டோம். இருபது நிமிடத்தில் என் கை தானாக ஃபோனுக்குப் போய்விட்டது. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. எங்கிருந்து ஆரம்பிப்பது? யூடியூபில் ஒரே படத்துக்கு நாலைந்து பிரிண்ட் கிடக்கிறது, எதைப் பார்ப்பது? தாத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: உங்கள் ரசனையில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் பிடித்த வரிசைதான் தப்பு.

‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து, நம்ம பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்த படம். அத்தனை நாளும் ஜனங்கள் திரும்பத் திரும்ப வந்தது கதையின் முடிவு தெரியாமலா? தியாகராஜ பாகவதர் பாடுவதைக் கேட்க வந்தார்கள். கேட்க வந்தவர்களுக்காக எடுத்த படத்தின் முன்னால் உட்கார்ந்து ‘கதை எப்போது நகரும்’ என்று காத்திருந்தால் யாருக்கும் கை ஃபோனுக்குத்தான் போகும்.

பழைய தமிழ்ப் படத்தைக் காது வழியாக நுழைந்து பார்க்க வேண்டும். நான் இத்தனை வருடம் பார்த்ததில் புரிந்துகொண்டது இது. இதற்குக் காரணமும் நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இருந்தது. நாடகக் கம்பெனிகள் அங்கே வந்து ஆடின. மைக் வராத காலத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வசனம் போய்ச் சேர வேண்டும் என்றால் தொண்டைதான் மூலதனம். ‘காளிதாஸ்’ என்ற முதல் தமிழ்ப் பேசும் படம் 1931-ல் வெளியானதும் வடசென்னையில்தான், பிற்பாடு முருகன் டாக்கீஸ் ஆன கினிமா சென்ட்ரலில். சினிமா பேச ஆரம்பித்ததும் நாடகக்காரர்கள் அந்தத் தொண்டையோடேயே கேமரா முன்னால் வந்து நின்றார்கள். கேமராவும் முன்வரிசை ரசிகர் மாதிரி ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தது. அதனால்தான் அந்தப் படங்களில் நீளமாகப் பேசுகிறார்கள், உரக்கப் பேசுகிறார்கள், நேராக நம்மைப் பார்த்துப் பாடுகிறார்கள். சடசடவென்று ஷாட் மாறிப் பழகிய கண்ணுக்கு அங்கே வேலை குறைவு. காதுக்கு நிறைய இருக்கிறது.

என் அப்பா தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டர். சின்ன வயதில் கேபினில் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கார்பன் குச்சி எரிகிற வெளிச்சத்தில் ஓடும் மெஷின் அது. ஒரு ரீல் பத்துப் பதினோரு நிமிடம் வரும். முடிவதற்குள் பக்கத்து மெஷினைத் தயார் பண்ணி மாற்ற வேண்டும். அப்பா திரையைப் பார்த்தே நான் அதிகம் பார்த்ததில்லை. கேபினில் தொங்கிய சின்ன ஸ்பீக்கரில் எந்த வசனம் வந்தால் எழுந்திருக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். கடைசியில் மட்டும் அந்தச் சின்ன ஜன்னல் வழியாகத் திரையின் வலது மேல் மூலையைப் பார்ப்பார். அங்கே ஒரு பொட்டு மின்னி மறையும், பக்கத்து மெஷினின் மோட்டாரைப் போடுவார். சில விநாடி கழித்து இரண்டாவது பொட்டு, மாற்றிவிடுவார். யூடியூபில் கிடக்கும் சில பிரிண்டுகளில் அந்தப் பொட்டு இன்னும் இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? ‘காதலிக்க நேரமில்லை’, 1964, ஸ்ரீதர் படம். கலர், ஊட்டம் குறையாத நகைச்சுவை. ஆனால் முழுப்படத்தையும் போடுவதற்கு முன்னால் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை மட்டும் தனியாகப் பாருங்கள். படம் எடுக்கத் துடிக்கும் மகன் நாகேஷ், பணக்கார அப்பா டி.எஸ். பாலையா. மகன் அப்பாவுக்குக் கதை சொல்கிறான், அவ்வளவுதான். திரையில் பேயும் கிடையாது, மழையும் கிடையாது. சத்தம் எல்லாவற்றையும் நாகேஷ் வாயாலேயே போடுகிறார். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டாம் தடவை நாகேஷை விட்டுவிட்டு பாலையாவை மட்டும் பாருங்கள். அவருக்கு வசனமே ரொம்பக் கம்மி. கண் விரிகிறது, உடம்பு ஒடுங்குகிறது, நாகேஷ் சத்தம் போடும்போதெல்லாம் தூக்கிப் போடுகிறது. பேய் அந்த முகத்தில்தான் தெரிகிறது. ஒருவர் பேச, இன்னொருவர் கேட்க, கேட்பவரே நடிகர் ஆகிவிடும் வித்தை இது. இந்த ஒரு காட்சி பிடிபட்டால் பாதிப் பழைய படம் பிடிபட்ட மாதிரி.

அப்புறம் பாலையாவை விடாதீர்கள். ‘பார்க்க வேண்டிய பத்துப் படம்’ என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் தருவார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு குணச்சித்திர நடிகரின் பின்னால் போங்கள் என்று நான் யாருக்கும் சொல்வேன். கதாநாயகரைப் பின்தொடர்ந்தால் ஒரே மாதிரிப் படமாக மாட்டும். குணச்சித்திர நடிகர் எல்லாக் கம்பெனியிலும், எல்லா டைரக்டரிடமும், எம்.ஜி.ஆர். படத்திலும் சிவாஜி படத்திலும் இருப்பார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனால் மொத்தத் தமிழ் சினிமாவையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம். பாலையா அதற்கு அருமையான ஆள். 1936-ல் ‘சதி லீலாவதி’யில் எம்.ஜி.ஆர்., என்.எஸ். கிருஷ்ணன் இவர்களோடு சேர்ந்தே சினிமாவுக்கு வந்தவர். அரைநூற்றாண்டு கழித்துக் கேட்டாலும் அந்தக் குரல் தனியாகத் தெரியும்.

உங்கள் அடுத்த ஞாயிறு ‘பாமா விஜயம்’, 1967. மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், பக்கத்து வீட்டுக்குக் குடி வரும் நடிகை, நடுவில் மாட்டிக்கொள்ளும் மாமனார் பாலையா. கடன் வாங்கி அந்தஸ்து காட்டும் கதை, இஎம்ஐ காலத்தில் உங்களுக்கு விளக்கமே தேவைப்படாது. அதற்கு அடுத்தது ‘தில்லானா மோகனாம்பாள்’, 1968. இதற்கு மட்டும் முழு சாயங்காலத்தை ஒதுக்குங்கள்.

‘நலந்தானா’ பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். காயம்பட்டுத் தேறி வந்திருக்கிற நாதஸ்வர வித்வான் சிவாஜி சபையில் உட்கார்ந்து வாசிக்கிறார். அவரிடம் ‘உடம்பு எப்படி இருக்கிறது’ என்று கேட்க பத்மினிக்கு உயிர் துடிக்கிறது, ஆனால் ஊரே பார்க்கிறது. அதனால் ஆட்டத்துக்குள், பாட்டுக்குள் வைத்துக் கேட்கிறார். கண்ணதாசன் வரி, சுசீலா குரல், கே.வி. மகாதேவன் இசை. சிவாஜி கையிலிருக்கும் நாதஸ்வரத்துக்கு உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அவருடைய பதிலெல்லாம் அந்த நாதஸ்வரத்தில்தான் வருகிறது. பக்கத்தில் தவில் வாசிக்கும் பாலையாவுக்கு நடப்பதெல்லாம் புரிகிறது. கை தவிலில், கண் நண்பன் மேல். மூன்று பேர் பேசிக்கொள்ளும் காட்சி அது, ஒரு வசனம் கிடையாது. பாட்டு வந்தால் தள்ளிவிடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் பழைய படத்தில் அதை விட்டுவிடுங்கள் என்று சொல்வது இதனால்தான். பாட்டைத் தள்ளினால் கதையையும் சேர்த்துத் தள்ளிவிடுவீர்கள். கதையோடு ஒட்டாத தனி காமெடி டிராக் வந்தால் தாண்டலாம், பாவமில்லை. என்.எஸ். கிருஷ்ணன், மதுரம் ஜோடி இருந்தால் மட்டும் தாண்டாதீர்கள்.

இதற்கப்புறம் பின்னோக்கி நடங்கள். ‘திருவிளையாடல்’, 1965, தலைக்கனம் பிடித்த பாகவதராக பாலையா. வாயசைப்பது இவர், பாடுவது பாலமுரளி கிருஷ்ணா. இந்தப் படத்தின் வசனத்தைத் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டே பாதித் தமிழ்நாடு மனப்பாடம் செய்தது. தாத்தாவைச் சொல்லச் சொல்லிப் பாருங்கள், தருமியும் சிவனும் அவர் வாயிலிருந்தே வருவார்கள். பிறகு ‘பாகப்பிரிவினை’, 1959. ‘மதுரை வீரன்’, 1956, இதில் வில்லன். ‘வேலைக்காரி’, 1949, இதில் கதாநாயகனுக்கு வழி காட்டும் நண்பன். ஒவ்வொரு படியாக இறங்கும்போது கேமரா கொஞ்சம் கொஞ்சமாக அசையாமல் நிற்கத் தொடங்கும், தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக மேடைத் தமிழாகும். மெதுவாக இறங்குவதால் தலை சுற்றாது. இதெல்லாம் முடிந்த பிறகு ‘ஹரிதாஸ்’ஐ மறுபடி போடுங்கள். பாபநாசம் சிவன் பாட்டுக்காக, பாகவதர் குரலுக்காக.

பாட்டே பிடிக்காது என்று வீட்டில் யாராவது அடம்பிடித்தால் ‘அந்த நாள்’, 1954, எஸ். பாலச்சந்தர் இயக்கியது. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம். 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட நேரத்தில் நடக்கும் கொலைக்கதை. முடிவை முன்கூட்டியே தேடிப் படித்துவிடாதீர்கள்.

இனி பிரிண்ட். படத்தைத் தயாரித்த கம்பெனியோ, உரிமை வாங்கிய கம்பெனியோ தன் பெயரில் போட்டிருந்தால் முதலில் அதைத் திறங்கள். டைட்டிலைப் பாருங்கள். பெயர்கள் மேலேயும் கீழேயும் வெட்டுப்பட்டு நின்றால், அகல டிவிக்காகப் படத்தின் தலையையும் காலையும் நறுக்கியிருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அந்தக் காலப் படங்களின் சட்டம் கிட்டத்தட்ட சதுரம், நாலுக்கு மூன்று. டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தால் படம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பட்டை பிடிக்கவில்லை என்று இழுத்து நிரப்பினால் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள். சந்தேகமாக இருந்தால் சுவர்க் கடிகாரமோ வண்டிச் சக்கரமோ வரும்வரை பொறுத்திருங்கள். அது வட்டமாக இல்லாமல் பூசணிக்காய் மாதிரித் தெரிந்தால் டிவியின் பிக்சர் சைஸை 4:3-க்கு மாற்றுங்கள். அப்படியே பிக்சர் மோடை ‘விவிட்’டிலிருந்து ‘சினிமா’வுக்கு மாற்றி, அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலம் ஏறுவது இதனால் நிற்கும்.

பிரிண்ட் முழுசா, வெட்டியதா என்று கண்டுபிடிக்க அப்பா சொல்லிக்கொடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் சென்சார் சர்டிபிகேட் வரும். அங்கே நிறுத்தினால் படத்தின் நீளம் அடியிலோ மீட்டரிலோ எழுதியிருக்கும். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், மீட்டரில் சுமார் 27. 16,200 அடி என்று இருந்தால் 180 நிமிடம். உங்கள் பிரிண்ட் 150 நிமிடத்தில் முடிந்தால் அரைமணி நேரப் படத்தை யாரோ எடுத்துவிட்டார்கள். பெரும்பாலும் பாட்டுகள்தான் போயிருக்கும்.

மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. இடைவேளை என்று படமே சொல்லும் இடத்தில் நிறுத்தி, மீதியை அடுத்த நாள் போடலாம். அந்தப் பத்து நிமிடத்தில் டீ போட்டுக் கொடுத்துவிட்டு தாத்தாவிடம் கேளுங்கள்: இதை எந்தத் தியேட்டரில் பார்த்தீர்கள், கிரௌனா, மகாராணியா, அகஸ்தியாவா, தரை டிக்கெட்டா, யாரோடு போனீர்கள்? அகஸ்தியா 2020-ல் மூடிவிட்டது. மூடிய தியேட்டருக்குள் என்ன நடந்தது என்பது அவரைப் போன்றவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பரணில் பழைய பாட்டுப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். கதையைப் பாதி சொல்லி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். அவற்றைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் சேகரித்து வைத்திருக்கிறார்கள். அதனால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

பெண்டாட்டியை அடித்துத் திருத்தும் கதாநாயகன், விதவை என்றால் ஒதுங்கிப் போகும் பெண், இதெல்லாம் வரும்போது உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். வாய்விட்டே சொல்லுங்கள். அந்தக் கோபத்தோடேயே தாத்தாவிடம் பேசினால், அன்று தியேட்டரில் கைதட்டினார்களா, முணுமுணுத்தார்களா என்று அவர் சொல்வார். எனக்குப் படத்தைவிட அந்தப் பேச்சு பல தடவை உசத்தியாக இருந்திருக்கிறது.

கடைசியாக தாத்தாவின் காது. அந்தக் காலப் படங்களுக்கு ஒரே தடச் சத்தம்தான், இடது வலது என்ற பிரிவே கிடையாது. அதனால் நாலு ஸ்பீக்கர் செட்டெல்லாம் வாங்க வேண்டாம். சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், காது உயரத்துக்கு ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள். பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றினால் வசனம் தெளிவாக வரும். உதடு முந்தி சத்தம் பிந்தினால் ப்ளூடூத்தை விட்டுவிட்டு ஒயர் போட்டு இணையுங்கள். முதலில் அந்தப் பேய்க்கதைக் காட்சியைப் போட்டு, தாத்தா சிரிக்கும் வரை சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். அவர் சிரித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.