வாசகர் கேள்வி – பதில்: சொந்த டாக்சி கட்டுப்படியாகுமா?

கேள்வி: கோவையில் ஒரு டிராவல்ஸில் ஒன்பது ஆண்டுகளாகச் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறேன். மாதம் 22,000 ரூபாயும் டிரிப்புக்கு ஏற்றபடி பேட்டாவும் கிடைக்கின்றன. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. மீதியைக் கடனாக வாங்கி, புதிய செடான் ஒன்றை டி-போர்டில் (வாடகை வண்டிக்கான மஞ்சள் போர்டில்) எடுத்து ஓட்ட ஆசை. மனைவி வேண்டாம் என்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: யார் சொல்வது சரி என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எட்டரை லட்ச ரூபாய் வண்டிக்கு 7 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 60 மாதத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாத டியூ ஏறத்தாழ 15,570 ரூபாய் வரும். இன்சூரன்ஸ், வரி, பெர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 60,000 என்றால் மாதத்துக்கு 5,000. ஆக, வண்டி வாசலை விட்டு நகராவிட்டாலும் மாதம் 20,570 ரூபாய் எடுத்து வைத்தாக வேண்டும். அது நகர்ந்தால், டீசல் லிட்டர் 93 ரூபாய் என்றும் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கிடைக்கிறது என்றும் கொண்டால், எரிபொருளுக்குக் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 20 காசும், டயர், ஆயில், சர்வீசுக்கு ஒரு ரூபாயுமாக 6 ரூபாய் 20 காசு போகும்.

போக வர வாடகைக்குக் கிலோமீட்டருக்கு 14 ரூபாய் வாங்குகிறீர்கள் என்றால், உங்கள் கையில் தங்குவது 7 ரூபாய் 80 காசு. அதிலிருந்து 20,570 ரூபாயையும் கட்டி, இப்போது வாங்கும் 22,000 ரூபாயையும் எடுக்க வேண்டுமானால், மாதம் சுமார் 5,460 கிலோமீட்டர் வாடகையோடு ஓட வேண்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்ற வழக்கமான வெளியூர்க் கணக்குப்படி பார்த்தால், இது ஏறத்தாழ 22 நாள் டிரிப். பேட்டாவை நான் சேர்க்கவில்லை. அது இன்றைக்கும் உங்களுக்குக் கிடைப்பதுதான். முகூர்த்த நாட்களிலும் சபரிமலை சீசனிலும் 22 நாள் கிடைத்துவிடும். ஆடியிலும் தேர்வு மாதங்களிலும் கிடைக்குமா என்பது, ஒன்பது ஆண்டு டிராவல்ஸில் இருந்த உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஒருவழி டிராப்பில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். சென்னைக்கு 500 கிலோமீட்டர் டிராப், அதே 14 ரூபாய் என்றால் 7,000 ரூபாய் கைக்கு வரும்போது பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் காலியாகத் திரும்பும் 500 கிலோமீட்டரையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 7 ரூபாய்தான். ஓட்டச் செலவு போக 80 காசு மிஞ்சும், டியூவுக்கு அதிலிருந்து எதுவும் தேறாது. ரிட்டர்ன் சவாரி பிடிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே டிராப் லாபம்; மற்றவர்கள் டோல் கட்டணத்தையும் காலி வண்டியையும் மனத்தில் வைத்துத்தான் ரேட் சொல்ல வேண்டும். இன்னொன்று: 2025-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான, தேசிய நெடுஞ்சாலைகளில் 200 முறை கடக்கும் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கு மட்டுமே உரியது. அதை நம்பி டோல் செலவைக் குறைத்துப் போடாதீர்கள்.

ஆகவே, முதல் வண்டியைப் புதிதாக எடுப்பதற்கு நானும் உங்கள் மனைவியின் பக்கம்தான். அதற்காகத் தொழிலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒன்றரை லட்சத்தில் ஒரு லட்சத்தைக் கட்டி, 4 லட்சத்துக்குள் நான்கைந்து ஆண்டு ஓடிய டி-போர்டு வண்டி ஒன்றை எடுத்தால், வட்டி 14 சதவீதமே ஆனாலும் டியூ 7,000 ரூபாய்க்குள் அடங்கும். பழைய வண்டி என்பதால் பராமரிப்பை ஒன்றரை ரூபாயாக உயர்த்திக் கணக்கிட்டாலும், மாதம் சுமார் 4,650 கிலோமீட்டரில் அதே 22,000 உங்கள் கையில் நிற்கும். மீதி 50,000 ரூபாயைத் தொடாமல் வைத்திருங்கள்; கியர்பாக்ஸ் போகும் மாதமும் பிள்ளையின் பள்ளிக் கட்டண மாதமும் ஒன்றாக வருவதுண்டு. வாங்குமுன் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வரி பாக்கி, அபராதச் சலான்கள், எஃப்.சி. தேதி, ஆர்.சி.யில் கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்பவற்றைப் பாருங்கள். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் எஃப்.சி.யை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன். என் சொந்தக் கார் பெரும்பாலும் சும்மா நிற்கிறது. தெரிந்தவர்களுக்கு மட்டும் விமான நிலையம், மருத்துவமனை என்று பணம் வாங்கிக்கொண்டு ஓட்டினால் தவறா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: தெரிந்தவரோ தெரியாதவரோ, வாடகை வாங்கினால் பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடமுண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸில் இருக்கிறது. தனிநபர் கார் பாலிசி வாடகைப் பயன்பாட்டை ஏற்காது என்பதால், விபத்து நேர்ந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் மறுக்கப்படலாம். அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டைக்கூட உங்களிடமிருந்து திரும்ப வசூலிக்க நிறுவனம் முயலலாம். ஓய்வூதியத்தில் வாழ்பவர் ஏற்கக்கூடிய சுமை அல்ல அது. உண்மையிலேயே ஓட்ட விருப்பமென்றால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து, வரி வித்தியாசத்தைக் கட்டி, எஃப்.சி., பெர்மிட், வணிக இன்சூரன்ஸ் எடுத்து மஞ்சள் போர்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காருக்குக் கடன் பாக்கி இருந்தால், முதலில் கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்று வேண்டும்.

கேள்வி: என்னிடம் சாதாரண கார் லைசென்ஸ்தான் இருக்கிறது. டாக்சி ஓட்டத் தனியாக பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்டுவதற்கான கூடுதல் அனுமதி) வேண்டுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது; ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் அதை உறுதிப்படுத்தியது. டாக்சியாக ஓடும் கார் எதுவும் அந்த எடையை நெருங்காது. இருந்தாலும், சில நிறுவனங்கள் வழக்கத்தை விடாமல் பேட்ஜ் கேட்பதுண்டு என்பதால், எங்கே சேரப் போகிறீர்களோ அங்கே முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செயலிகளை மட்டும் நம்பி ஓட்டலாமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: தொடங்கும்போது நம்பலாம். வாடிக்கையாளர் யாருமில்லாதவருக்கு முதல் நாளே சவாரி தருவது அவைதான். சேரும்போது, கமிஷனா அல்லது தினக் கட்டணமா என்று பாருங்கள். குறைவாக ஓடும் நாட்களில் கமிஷனும், நிறைய ஓடும் நாட்களில் தினக் கட்டணமும் உங்களுக்குச் சாதகம். சொந்த வண்டி ஓட்டுநருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் சேர வேண்டும் என்று மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் கூறுகின்றன. ஆனால், பிக்கப் இடத்துக்குக் காலியாகப் போகும் கிலோமீட்டருக்கு யார் தருவது என்பதை, மேலே கோவை வாசகருக்குச் சொன்ன கணக்கைப் போட்டு நீங்களே பார்த்துவிடுங்கள். மாதத்தில் பத்து நாளாவது உங்கள் எண்ணுக்கு நேரே அழைக்கும் வீடுகளும் மருத்துவமனைகளும் அமைந்த பிறகு, செயலியை இடைவெளி நிரப்ப மட்டும் வைத்துக்கொள்ளலாம்.