கீரை சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். என் மகளுக்கு 9 வயது. போன வருடம் போர்டு சரியாகத் தெரியவில்லை என்றாள். சோதித்து மைனஸ் 1 கண்ணாடி கொடுத்தார்கள். இந்த வருடம் அது மைனஸ் 1.75 ஆகிவிட்டது. தினமும் பொன்னாங்கண்ணியும் கேரட்டும் கொடுத்தால் கண்ணாடியே வேண்டாம் என்கிறார் மாமியார். தெரிந்தவர் ஒருவர் கண்ணுக்கான சத்து மாவு என்று மாதம் 1,800 ரூபாய்க்கு டப்பா தருகிறார். வாங்கலாமா? எப்போதும் கண்ணாடி போட்டிருந்தால் பவர் கூடிவிடுமா? என் கணவரும் கண்ணாடி போடுபவர். 5 வயதில் ஒரு மகனும் இருக்கிறான்.

பதில்: டப்பா வேண்டாம் அம்மா. எந்த மாவும் ஏறிய பவரை இறக்காது. அந்தப் பணத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் மாதம் முழுக்க முட்டையும் பழமும் வாங்கிவிடலாம்.

மாமியார் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். கீரை கண்ணுக்கு நல்லதுதான், ஆனால் அது தடுக்கிற நோய் வேறு. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும். விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளை வாசற்படியில் தட்டித் தடுமாறும். வெள்ளை விழி வறண்டு, நுரை ஒட்டியது போலத் திட்டு தெரியும். முற்றினால் கருவிழி கரைந்து பார்வையே போய்விடும். இதற்காகத்தான் 1970 முதல் நம் நாட்டில் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கிறார்கள். 9 மாதத்தில் தொடங்கி 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மகனுக்கு எல்லாத் தவணையும் கொடுத்தாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, மாம்பழம், பப்பாளி எல்லாம் இந்தக் குறைபாடு வராமல் காக்கும். கீரையில் கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ சேருங்கள், அப்போதுதான் அந்தச் சத்து உடம்பில் ஒட்டும்.

உங்கள் மகளுக்கு இருப்பது கிட்டப்பார்வை. கண்ணின் நீளம் இருக்க வேண்டியதைவிடக் கூடிவிட்டதால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. 1 மில்லிமீட்டர் நீண்டாலே சுமார் மைனஸ் 2.5 முதல் 3 வரை பவர் வந்துவிடும். வளர்ந்த உயரம் எப்படித் திரும்பக் குறையாதோ, நீண்ட கண்ணும் அப்படித்தான். இனி வேகமாக நீளாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது.

சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்றால், ஆய்வுகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஹாங்காங்கில் பள்ளிப் பிள்ளைகளிடம் பார்த்தபோது, மீனில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்பு அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கண் நீளம் சற்றுக் குறைவாக இருந்தது. அதுதான் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் கடலோரத்தில் இருந்துகொண்டு மீன் மாத்திரை தேட வேண்டியதில்லை. மீன் சாப்பிடும் வீடு என்றால் மத்தியும் கானாங்கெளுத்தியும் வாரம் இரண்டு நாள் குழம்பில் போடுங்கள், போதும்.

மகளின் கண்ணுக்குத் தேவையான முக்கியமான விஷயம் அடுப்படியில் இல்லை, வெளியே இருக்கிறது: பகல் வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வோம். வகுப்பறையில் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். வெளியே மர நிழலில் நின்றால்கூடப் பல ஆயிரம் லக்ஸ். அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சுரந்து, கண் நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்று கருதுகிறோம். சீனாவின் குவாங்சோவில் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். தினமும் 2 மணி நேரம் வெளியே என்பதுதான் நான் எல்லாப் பெற்றோரிடமும் கேட்பது. சித்திரை வெயிலில் உச்சிவேளையில் நிறுத்த வேண்டாம். காலை ஒரு மணி நேரம், பள்ளி விட்டு வந்ததும் ஒரு மணி நேரம். மஞ்சக்குப்பம் மைதானமோ, சில்வர் பீச்சோ, தெருவோ, எதுவானாலும் சரி. தொப்பி போடலாம், அதனால் பலன் போய்விடாது. பெண் பிள்ளை கருத்துவிடுவாள் என்று வீட்டுக்குள் வைப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாலை டியூஷனை விளக்கு வைத்த பிறகு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

படிக்கும் தூரத்துக்கு ஒரு எளிய அளவு உண்டு. கன்னத்தில் கையை மடக்கி வைத்து, முழங்கையைப் புத்தகத்தில் ஊன்றச் சொல்லுங்கள். அந்தத் தூரத்தைவிட நெருங்கக் கூடாது. படுத்துக்கொண்டு போன் பார்ப்பதில்தான் இந்தத் தூரம் காணாமல் போகிறது.

அப்புறம், கண்ணாடி. போடுவதால் பவர் ஏறாது. 2002இல் வெளியான மலேசிய ஆய்வில், வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கே இன்னும் வேகமாக ஏறியது. முழுப் பவர், முழு நேரம். சோடாபுட்டி என்று யாராவது கேலி செய்தால் வகுப்பாசிரியரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். பிள்ளைகள் கண்ணாடியைப் பையிலேயே வைத்திருப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

ஒரு வருடத்தில் 0.75 ஏறியிருப்பது கொஞ்சம் வேகம்தான். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டுப் பார்த்த பவரா இது என்று கேளுங்கள். இல்லையென்றால் அப்படி ஒரு முறை பார்த்துவிட வேண்டும். உறுதியானால், இரவில் போடும் மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து பற்றிப் பேசலாம். அது பவரைக் குறைக்காது, ஏறும் வேகத்தைக் குறைக்கும். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். சாதாரணமாகக் கிடைக்கும் அட்ரோபின் பல மடங்கு வீரியமானது.

மகனை விட்டுவிடாதீர்கள். அப்பாவுக்கும் அக்காவுக்கும் இருப்பதால் அவனுக்கும் வர வாய்ப்பு அதிகம். வெளி வெளிச்சம் நன்றாக வேலை செய்வது கிட்டப்பார்வை வருவதற்கு முன்புதான், ஆகவே அக்காவைவிட அவனுக்கே பலன் கூடுதல். கடலூர் அரசு மருத்துவமனையிலோ, புதுச்சேரி போகும் வழியில் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையிலோ இருவரையும் ஒரே நாளில் காட்டிவிடலாம். போகும்போது மகளின் பழைய கண்ணாடிச் சீட்டு இரண்டையும் எடுத்துப் போங்கள். சொட்டு மருந்து போட்டால் அன்று முழுக்கக் கண் கூசும், எழுத்து மங்கும், அதனால் பள்ளி இல்லாத நாளாகப் பாருங்கள்.